ரசிகர் வட்டம் என்கிற கணினிப் பட்டறை

ஒரு கொரியத் தொடர் பிடித்துப்போகிறது. அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தால் நன்றாக இருக்கும். ஆனால் தமிழில் சப்டைட்டில் இல்லை, ஆங்கிலத்தில் ஓடும் எழுத்தை அவ்வளவு வேகமாகப் படிக்க அம்மாவால் முடியாது. ‘நாமே போட்டால் என்ன?’ என்று ஒருவர் நினைத்த உடனே அவருக்குக் கணினிப் பாடம் தொடங்கிவிடுகிறது. ஃபைல் என்பது உள்ளே எப்படி இருக்கும், தமிழ் எழுத்து அதில் எப்படிச் சேமிக்கப்படுகிறது, ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்குவது எதற்கு, ஐந்து பேர் ஒரே ஃபைலில் கைவைத்தால் என்ன ஆகும் என்று கேள்விகள் ஒன்றின் பின் ஒன்றாக வரும். பதில் தெரிந்தவர்கள் அதே தொடரைப் பார்க்கிறவர்களாக இருப்பார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் நாளடைவில் நண்பர்களாகிவிடுவார்கள்.

இந்தக் கூட்டத்துக்குத்தான் ஃபேன்டம் என்று பெயர். ஒரு தொடர், விளையாட்டு, இசைக்குழு, நாவல் என்று ஏதோ ஒன்றின் மேல் பிரியம் கொண்டவர்கள் இணையத்தில் கூடி, பேசுவதோடு நிற்காமல் அதைச் சுற்றி எதையாவது செய்துகொண்டே இருக்கும் வட்டம் அது. நம் ஊர் ரசிகர் மன்றத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மன்றத்துக்குத் தலைவர், செயலாளர் உண்டு. படம் வெளியாகும் நாளில் கட்அவுட், பட்டாசு, பாலாபிஷேகம், இன்னொரு நாள் ரத்ததானம். ஃபேன்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் அவர் செய்யும் வேலையைப் பொறுத்தது. மொழிபெயர்ப்பவர், வசனம் தோன்றி மறையும் நேரத்தைக் குறித்து டைமிங் போடுபவர், விக்கி (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் தகவல் தளம்) எழுதுபவர், படம் வரைபவர், கதை எழுதுபவர், அந்தக் கதையைப் படித்துத் திருத்தம் சொல்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். வயதும் ஊரும் பட்டமும் யாரும் கேட்பதில்லை.

இது இணையத்தோடு பிறந்த பழக்கமும் இல்லை. ஸ்டார் டிரெக் தொடர் 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. 1967-லேயே ரசிகர்கள் அதற்கென்று சொந்தமாக இதழ் அச்சிட்டுத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் ஜியோசிட்டீஸ் என்ற தளம் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இலவச இடம் கொடுத்தபோது அதே ஆர்வம் இணையப் பக்கங்களாக மாறியது. பிடித்த பக்கத்தின் எச்.டி.எம்.எல். (இணையப் பக்கம் எழுதும் குறிமொழி) மூலத்தைத் திறந்து, நகலெடுத்து, நிறத்தையும் படத்தையும் மாற்றிப் பார்த்தே ஒரு தலைமுறை இணையப் பக்கம் எழுதக் கற்றது. 1999-ல் வந்த நியோபெட்ஸ் விளையாட்டில் தன் செல்லப்பிராணிக்கு ஒரு பக்கம் அலங்கரிக்க வேண்டும் என்பதற்காகவே பள்ளிப் பிள்ளைகள், பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். எழுதினார்கள்.

இதில் பெரிய எடுத்துக்காட்டு ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளம். ரசிகர்கள் எழுதும் கதைகளை வியாபார நிறுவனங்கள் நினைத்த நேரத்தில் அழித்துவிடுகின்றன என்ற கோபத்தில், நமக்கென்று ஒரு களஞ்சியம் நாமே கட்டுவோம் என்று 2007-ல் ரசிகர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2009-ல் தளம் பொதுவில் திறந்தது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் கருவியில் எழுதப்பட்ட அதன் நிரல் யாரும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் தன்னார்வலர்கள். நிரல் எழுதுவதையே அங்கு வந்து கற்றுக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. 2019-ல் அந்தத் தளம் அறிவியல் புனைகதை உலகின் ஹ்யூகோ விருது பெற்றது.

வகுப்பில் நிற்காத பாடம் இங்கே ஏன் நிற்கிறது? வகுப்பில் எக்செல் சொல்லிக்கொடுக்கும்போது இல்லாத ஒரு கடையின் இல்லாத விற்பனைக் கணக்கைப் போடச் சொல்வார்கள். தப்பாகப் போட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ரசிகர் வேலையில் பிழை உடனே கண்ணில் படும்: கதாநாயகி வாயை மூடிய பிறகு அவள் பேசிய வரி திரையில் வரும். அதை நாளைக் காலையில் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சரிசெய்யச் சொல்லித் தருபவரும் ஆறு மாதத்துக்கு முன் அதே இடத்தில் தடுமாறியவர். அதனால் எந்தப் படியில் கால் இடறும் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. புதியவருக்கு அப்படிப்பட்ட துணை, பெரிய நிபுணரைவிட மேல்.

முதல் வேலை: விக்கி

தொடங்குவதற்கு விக்கிதான் நல்ல இடம். கைபேசி மட்டும் இருந்தாலும் போதும், எதையும் நிறுவ வேண்டாம், என்ன தப்பு செய்தாலும் திரும்பக் கொண்டுவரலாம். ஃபேன்டம் என்றே பெயருள்ள தளத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான ரசிகர் விக்கிகளும் விக்கிப்பீடியாவும் மீடியாவிக்கி என்ற ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. ஓரிடத்தில் கற்றது மற்ற இடத்திலும் உதவும். ஸ்டார் டிரெக்குக்கான மெமரி ஆல்ஃபா விக்கியும் தமிழ் விக்கிப்பீடியாவும் ஒரே ஆண்டில், 2003-ல், தொடங்கியவை. தமிழிலேயே பழக வேண்டுமானால் தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்கு தொடங்கி, உங்கள் பெயரின் கீழ் உள்ள மணல்தொட்டிக்குப் போங்கள். அது எழுதிப் பார்ப்பதற்கென்றே உள்ள பக்கம்.

தெரிய வேண்டிய குறிகள் குறைவு:

== கதைச்சுருக்கம் ==
'''தடித்த எழுத்து'''
[[சென்னை]]
* பட்டியலில் ஒரு வரி

இருபுறமும் இரண்டு சமக்குறி போட்டால் துணைத்தலைப்பு. மூன்று ஒற்றை மேற்கோள் போட்டால் தடித்த எழுத்து. இரட்டைச் சதுர அடைப்பு அந்தப் பெயரில் உள்ள பக்கத்துக்கு இணைப்புத் தரும். பக்கம் இல்லையென்றால் இணைப்பு சிவப்பாகத் தெரியும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, மூன்று ஒற்றை மேற்கோளுக்குப் பதில் கைபேசி தானாகப் போடும் வளைந்த மேற்கோளை விட்டுவிடுவது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு இரண்டும் வேறு எழுத்து, எதுவும் தடிக்காது. சேமிக்கும் முன் முன்தோற்றம் பார்த்தால் இது அங்கேயே அகப்பட்டுவிடும்.

முதல் நாளே புதுக் கட்டுரை எழுத உட்கார வேண்டாம். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்துங்கள். என்ன செய்தீர்கள் என்பதை ‘பெயர் எழுத்துப்பிழை திருத்தம்’ என்று தொகுப்புச் சுருக்கத்தில் எழுதுங்கள். பிறகு ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்து, உங்கள் மாற்றத்துக்கும் முந்தைய வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார் என்பதெல்லாம் அங்கே வரிவரியாக இருக்கும். பின்னாளில் நிரல் எழுதப் போனால் கிட் என்ற கருவியைக் கற்க வேண்டியிருக்கும். அதன் அடிப்படையும் இந்த வரலாறுதான். விக்கியில் பழகியவருக்கு அது பாதி தெரிந்த பாடம்.

எழுதியதை யாராவது நீக்கிவிட்டால் மனம் நொந்துபோகும். ஆனால் அனேகமாகக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: வேறு தளத்திலிருந்து பத்தியை அப்படியே ஒட்டியிருப்பீர்கள், ஆதாரம் கொடுத்திருக்க மாட்டீர்கள், அல்லது ‘ஈடு இணையற்ற நாயகன்’ என்பது போல் புகழ்ந்திருப்பீர்கள். உரையாடல் பக்கத்தில் போய், எந்த விதி என்று கேட்டு, நான்கு அலைக்குறி போட்டுக் கையொப்பமிடுங்கள். பயனர்பெயரும் நேரமும் தானாக வந்துவிடும். விக்கியில் அறிமுகங்கள் பெரும்பாலும் இந்த உரையாடல் பக்கத்தில்தான் தொடங்குகின்றன.

சப்டைட்டிலைப் பிரித்துப் பார்ப்போம்

ரசிகர் வேலைகளில் மிக அதிகம் கற்றுத்தருவது சப்டைட்டில். பயிற்சிக்கு உரிமைச் சிக்கல் இல்லாத படமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிளெண்டர் அமைப்பு 2010-ல் வெளியிட்ட சின்டெல் என்ற அனிமேஷன் குறும்படம் அதற்குத் தோதானது: சுமார் 15 நிமிடம், வசனம் கொஞ்சம், பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறார்கள். 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினி போதும், பார்க்க வி.எல்.சி., எழுத சப்டைட்டில் எடிட் அல்லது ஏஜிசப். மூன்றும் இலவசம். ஆனால் முதல் பத்து வரியை அவற்றில் எழுதாதீர்கள். நோட்பேடில் கையால் எழுதினால்தான் உள்ளே இருப்பது புரியும்.

சப்டைட்டில் வசனங்களை வைத்திருக்கும் எஸ்.ஆர்.டி. ஃபைல் என்பது இவ்வளவுதான்:

1
00:00:12,400 --> 00:00:14,900
இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தே?

2
00:00:15,100 --> 00:00:17,000
மழை. பஸ் வரலை.

முதலில் வரிசை எண். அடுத்து, எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்பது: மணி, நிமிடம், நொடி, காற்புள்ளிக்குப் பின் நொடியில் ஆயிரத்தில் எத்தனை பங்கு. அதன் பின் வசனம். பிறகு ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரி விடுபட்டால், அடுத்த எண்ணும் நேரமும் வசனமாகத் திரையில் வந்து நிற்கும். காற்புள்ளிக்குப் பதில் புள்ளி வைத்தால் சில பிளேயர்கள் அந்த வரியை ஏற்காது. யூடியூப் முதலான இணைய வீடியோக்களில் பயன்படும் வெப்.வி.டி.டி. என்ற இன்னொரு வடிவத்தில் புள்ளிதான் சரி. இரண்டையும் கலந்துவிடுவதால் வரும் பிழை இது.

சேமிக்கும்போது இரண்டு பள்ளங்கள் உண்டு. ‘சேவ் ஆஸ்’ பெட்டியின் அடியில் என்கோடிங் (எழுத்தை எண்களாகச் சேமிக்கும் முறை) என்று ஒன்று இருக்கும், அது யு.டி.எஃப்-8 ஆக இருக்க வேண்டும். ஆன்சி என்று இருந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். ஃபைலை மூடிய பிறகு அந்தக் கேள்விக்குறிகளைத் திரும்ப எழுத்தாக்க வழியே இல்லை, ஏனென்றால் எழுத்துகள் ஃபைலுக்குள் போகவே இல்லை. இரண்டாவது பள்ளம், விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைத்திருப்பது. எஸ்.ஆர்.டி. என்று முடித்ததாக நினைப்பீர்கள். நோட்பேட் அதன் பின்னால் டி.எக்ஸ்.டி. என்று ஒட்டியிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ மெனுவுக்குப் போய் ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி ஒருமுறை மாற்றி வைத்தால் இந்தத் தொல்லை வராது. வீடியோவும் சப்டைட்டிலும் ஒரே ஃபோல்டரில், ஒரே பெயரில் இருந்தால் வி.எல்.சி. தானாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்து டைமிங். வசனம் பொருந்தவில்லை என்றால் உடனே கையால் நகர்த்த ஆரம்பிக்காதீர்கள். முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். படத்தின் தொடக்கத்தில் எத்தனை நொடி தள்ளி வருகிறது என்று பாருங்கள். பிறகு கடைசிப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டிடத்திலும் 2 நொடி என்றால் முழு ஃபைலையும் ஒரே தட்டில் 2 நொடி நகர்த்தினால் போதும். வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகள் ஒரு தட்டுக்கு 50 மில்லி நொடி முன்னும் பின்னும் நகர்த்தும். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை அப்படி அளந்துகொண்டு, ஃபைலில் மாற்றலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அது வேறு நோய். சப்டைட்டில் நொடிக்கு 23.976 பிரேம் (படச்சட்டம்) ஓடும் வடிவத்துக்கும், வீடியோ 25 பிரேம் வடிவத்துக்கும் செய்யப்பட்டிருக்கும். இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடத்துக்குக் கிட்டப் போய்விடும். இதற்கு நகர்த்தல் உதவாது. சப்டைட்டில் எடிட்டில் பிரேம் ரேட் மாற்றும் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று விலகினால் அந்த இடத்தில் விளம்பர இடைவேளையோ காட்சியோ வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த இடத்துக்குப் பின்னால் உள்ளதை மட்டும் நகர்த்துங்கள். ஒரு பிழையை இப்படி மூன்றாகப் பிரித்து யோசிக்கக் கற்றவர், நாளை பிரின்டர் ஓடவில்லை என்றாலும் இதே முறையில்தான் தேடுவார்.

ஒரு வரி திரையில் 1 நொடிக்குக் குறையாமலும் 7 நொடிக்கு மேற்படாமலும், ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மிகாமலும் இருப்பது பொதுவான வழக்கம். இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ‘போயிருந்தே’ என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது பத்துக் குறியீடு: மெய்யோடு சேரும் ஒவ்வொரு உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். பல மென்பொருள்கள் இந்தப் பத்தைக் கணக்கில் எடுத்து ‘வரி நீளம் அதிகம், வேகம் அதிகம்’ என்று சிவப்பு காட்டும். அதை நம்பி வசனத்தை வெட்டிக் குறைத்துவிடாதீர்கள். சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். நேரத்துக்குள் படிக்க முடிந்தால் வரி சரி.

இதே யூனிகோடு இன்னொரு இடத்திலும் ஏமாற்றும். ‘கொ’ என்பதை க என்பதோடு ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம்; முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகளாகவும் சிலர் அடித்திருப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கண்ணெதிரே இருக்கும் பெயரைக் கணினி ‘இல்லை’ என்றால் அந்தச் சொல்லை அழித்துப் புதிதாக அடித்துப் பாருங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. குழுவில் எல்லோரும் முறையான யூனிகோடு விசைப்பலகையில் அடித்தால் இந்தக் குழப்பம் குறையும்.

மொத்தமாகத் தேடி மாற்றும் கட்டளையிலும் கவனம் வேண்டும். ‘மின்’ என்ற கொரியப் பெயரை எல்லா இடத்திலும் ‘மின்ஹோ’ என்று மாற்றச் சொன்னால், மின்சாரம் மின்ஹோசாரம் ஆகும், மின்னல் மின்ஹோனல் ஆகும். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்பதை அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அது சலிப்பாக இருக்கும்போது ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் முறையைக் கற்கலாம். ‘முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் மட்டும்’ என்று நிபந்தனை போட அது உதவும். ஆனால் தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால் ‘மின்னுக்கு’ என்பதை அது தவறவிடும். கடைசியில் ஒரு மனிதர் முழுதும் ஒருமுறை படித்தே ஆக வேண்டும்.

ஆங்கில சப்டைட்டிலை வைத்துத் தமிழாக்குபவர்கள் காதையும் திறந்து வைத்திருக்க வேண்டும். கொரிய மொழியில் நீ, நீங்கள் போன்ற மரியாதைப் படிகள் உண்டு. வாக்கியம் ‘யோ’ என்று முடிந்தால் மரியாதை. ஆங்கிலத்தில் இது மறைந்துபோகும். தமிழில் திரும்பக் கொண்டுவரலாம். பெண் அண்ணனை ஒப்பா என்பாள், ஆண் ஹியோங் என்பான். நமக்கு இரண்டும் அண்ணன்தான். அப்பா என்ற சொல் அங்கும் அப்பாதான் என்பது கேட்ட மாத்திரத்தில் பலருக்கு ஒரு சந்தோஷம்.

அட்டவணையும் மற்றவையும்

மூன்று பேர் சேர்ந்தால் யார் எதைச் செய்கிறார் என்பதற்கு ஓர் அட்டவணை தேவைப்படும். கூகுள் ஷீட்ஸில் பகுதி எண், மொழிபெயர்ப்பவர், டைமிங், சரிபார்ப்பு, நிலை என்று ஐந்து நெடுவரிசை. இன்னொரு தாளில் பெயர்ப் பட்டியல்: எந்தக் கதாபாத்திரத்தின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது, யார் யாரை நீ என்பார், யார் யாரை நீங்கள் என்பார். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால் எட்டாவது பகுதியில் கதாநாயகனுக்கு மூன்று பெயர் வந்துவிடும். அட்டவணையில் அடிக்கடி நடக்கும் விபத்து, ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிடுவது. பெயர்கள் ஒரு பக்கம், வேலைகள் இன்னொரு பக்கம் போய்விடும். பதறாமல் பதிப்பு வரலாற்றுக்குப் போய் முந்தைய வடிவத்தை மீட்டுவிடலாம். பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள்.

ஃபைல் பெயரில் ‘கடைசி’, ‘புதிய கடைசி’ என்று எழுதுவதை முதல் நாளே விட்டுவிடுங்கள். தொடர் பெயர், பகுதி எண், ஆண்டு-மாதம்-நாள், பதிப்பு எண் என்ற வரிசையில் பெயரிட்டால் ஃபோல்டரில் தானாகவே கால வரிசையில் நிற்கும். ஜியோசிட்டீஸை 2009-ல் மூடியபோது ஏராளமான ரசிகர் பக்கங்கள் போயின. ஆர்வலர்கள் ஓடி ஓடிக் காப்பாற்றியது ஒரு பகுதிதான். செய்ததன் நகல் உங்கள் கணினியிலும் ஒன்று, பென் டிரைவிலோ வேறு இடத்திலோ ஒன்று இருக்கட்டும்.

கதை எழுதுகிறவர்களுக்கு எச்.டி.எம்.எல். கொஞ்சம் வந்துவிடும், படம் செய்கிறவர்களுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர் என்றால் என்ன என்று புரிந்துவிடும், டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் குழு நடத்துகிறவர்கள் பாட் (குழுவில் தானாக இயங்கும் சிறு நிரல்) எழுத ஆசைப்பட்டுப் பைதான் என்ற நிரல்மொழியின் பக்கம் போவார்கள். எல்லாவற்றையும் ஒருவரே கற்க வேண்டியதில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் போதும்.

நட்பு எப்படி வருகிறது

நண்பர் தேடி வருகிறவர்கள் முதலில் செய்வது, ஆயிரம் பேர் உள்ள குழுவில் நுழைந்து ‘ஹாய், யாராவது பேசுவீர்களா?’ என்று கேட்பது. பதில் வராது. வந்தாலும் நிற்காது. காரணம் எளிது: கேள்விக்குள் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஐந்து பேர் உள்ள வேலைக் குழுவில், வாரம் இரண்டு முறை, ஒரே ஃபைலின் மேல் பேசிக்கொள்கிறவர்களுக்குள் நட்பு தானாக ஊறுகிறது. ‘இந்த வரி சரியா?’ என்று ஆரம்பித்து, ‘இன்றைக்குப் பரீட்சை, நாளைக்குத் தருகிறேன்’ என்று போய், ‘எப்படி எழுதினாய்?’ என்று முடியும்.

சேர்ந்தவுடன் மேலே பின் செய்து வைத்திருக்கும் விதிகளைப் படியுங்கள். ஒரு வாரம் பேசாமல் கவனியுங்கள். யார் எதில் கெட்டி, எதைப் பற்றி ஏற்கெனவே சண்டை நடந்து முடிந்தது என்பது புரியும். பிறகு சின்ன வேலை ஒன்றை நீங்களே கேட்டு வாங்குங்கள். ‘ஏதாவது உதவி வேண்டுமா?’ என்று கேட்பதைவிட, ‘4-வது பகுதியின் முதல் 10 நிமிடத்தைச் சரிபார்த்துத் தரட்டுமா? ஞாயிறு இரவுக்குள் முடிப்பேன்’ என்று கேட்பது பலன் தரும். ஞாயிறு முடியாது என்று தெரிந்தால் வெள்ளியன்றே சொல்லிவிடுங்கள். திறமைக் குறைவால் குழு உடைவது அபூர்வம். சொல்லாமல் காணாமல் போவதால் உடைவதுதான் அதிகம்.

சந்தேகம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் எழுதி, ஸ்கிரீன்ஷாட் ஒன்றைச் சேருங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால், உதவ நினைப்பவரும் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். தீர்வு கிடைத்ததும் ‘என்கோடிங் மாற்றினேன், சரியாகிவிட்டது’ என்று அதே இடத்தில் எழுதுங்கள். அடுத்து வருகிற புதியவருக்கு அது உதவும். உதவியவருக்கும் மனம் நிறையும்.

அடுத்தவர் வேலையில் பிழை சொல்லும்போது நேரத்தோடு சொல்லுங்கள்: ‘00:12:31 — இங்கே “நாளைக்கு” என்று கேட்கிறது, நீங்கள் “இன்றைக்கு” என்று போட்டிருக்கிறீர்கள். ஒருமுறை கேட்டுப் பார்க்க முடியுமா?’ இதில் யாரும் புண்படுவதற்கு ஒன்றுமில்லை. ‘நிறைய மிஸ்டேக் இருக்கு’ என்றால் புண்படும், திருத்தவும் முடியாது. நன்றாக வந்த ஒரு வரியையும் கூடவே சொல்லுங்கள். முகம் தெரியாத இடத்தில் பாராட்டை எழுதினால்தான் உண்டு.

விளிப்பதில் நம்மவர்களுக்கு ஒரு தடுமாற்றம் வரும். புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் பதினேழா ஐம்பதா, ஆணா பெண்ணா தெரியாது. எடுத்தவுடன் ‘ப்ரோ’ என்றால் பாதி நேரம் தப்பாகிவிடும். புனைபெயரைச் சொல்லி ‘நீங்க’ என்று பேசினால் யாருக்கும் குறையில்லை. அக்கா, அண்ணா, தம்பி எல்லாம் அவர்களே சொன்ன பிறகு வரட்டும்.

நேர வித்தியாசத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கெடு பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் சொல்லப்படும், இந்தியாவும் இலங்கையும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அங்கே 18:00 என்றால் இங்கே இரவு 11.30. சிங்கப்பூர், மலேசியத் தோழர்களுக்கு அப்போது அதிகாலை 2 மணி.

கவனிக்க வேண்டியவை

இவ்வகைத் தளங்கள் பலவற்றில் 13 வயது குறைந்தபட்சம். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளும் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சொந்தப் பெயர், பள்ளி, தெரு, கைபேசி எண் எதுவும் சுயவிவரத்தில் வேண்டாம். ரசிகர் கணக்குகளுக்கென்று தனி மின்னஞ்சல், தனிக் கடவுச்சொல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு மூன்றையும் முதல் நாளே செய்துவிடுங்கள். குழுவின் பொதுக் கணக்குக் கடவுச்சொல்லைப் பத்துப் பேருக்குக் கொடுத்து வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஒருவர் கோபித்துக்கொண்டு மாற்றினால் எல்லாம் போயிற்று. தளம் தருகிற நிர்வாகி அனுமதியை இரண்டு பேருக்குத் தனித்தனியாகக் கொடுங்கள். பணம் கேட்பவர், தனியாகப் பேசலாம் வா என்று அவசரப்படுத்துபவர், ‘வீட்டில் சொல்லாதே’ என்பவர், இந்த மூவரிடமும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, நிர்வாகியிடம் சொல்லிவிடுங்கள். நேரில் சந்திப்பதென்றால் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், துணைக்கு ஒருவரோடு.

உரிமை விஷயத்தில் தெளிவு வேண்டும். படத்தின் வசனமும் உரிமையாளரின் சொத்துதான். அதை மொழிபெயர்த்து வெளியிட அனுமதி தேவை. படத்தையே பதிவேற்றுவது, சப்டைட்டிலை விற்பது இரண்டும் கூடவே கூடாது. நேர்வழிகள் இருக்கின்றன. விக்கி என்ற ராகுடென் நிறுவனத் தளம் உரிமம் வாங்கிய ஆசியத் தொடர்களுக்குத் தன்னார்வலர்களைக் கொண்டே சப்டைட்டில் போடுகிறது (மேலே சொன்ன விக்கியோடு இதற்குப் பெயர் ஒற்றுமை மட்டும்தான்). அங்கே வீடியோவைத் துண்டு துண்டாக்குபவர் தனி, மொழிபெயர்ப்பவர் தனி. வேலைப் பிரிவினை பழக நல்ல இடம். யூடியூபில் பார்வையாளர்கள் நேரடியாகச் சப்டைட்டில் சேர்க்கும் வசதி 2020 செப்டம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் உங்களுக்குப் பிடித்த சிறிய சேனல் நடத்துபவருக்கு எஸ்.ஆர்.டி. ஃபைலை நீங்களே அனுப்பி, விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். மகிழ்ச்சியோடு சேர்ப்பவர்கள் உண்டு.

சண்டைகளும் வரும். எந்தக் கதாபாத்திரம் யாரை மணக்க வேண்டும் என்பதற்காக மாதக்கணக்கில் மோதிக்கொள்கிற கூட்டங்கள் இருக்கின்றன. அந்த உரையாடலை ம்யூட் செய்துவிட்டு உங்கள் ஃபைலுக்குத் திரும்பிவிடலாம். யாரும் தேடி வர மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் ஃபைலின் கடைசியில் பெயர் போடும் வழக்கம் உண்டு. வசனம் எல்லாம் முடிந்த பிறகு, பாட்டு ஓடும் இடத்தில், நான்கு நொடி போதும். வசனத்தின் மேல் போடக் கூடாது. ஒவ்வொருவரிடமும் அவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயரே வேண்டாம் என்பவர் பெயரைப் போடாதீர்கள். பத்து வரி மட்டும் சரிபார்த்துவிட்டுப் போனவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

412
00:58:40,000 --> 00:58:44,000
தமிழாக்கம்: மழைத்துளி | டைமிங்: கடலோரம்
சரிபார்ப்பு: ஏழாம் பிறை, மின்மினி